மின்கட்டணத் தவணை

மின்கட்டணத் தவணை என்பது, ஒரு வீட்டு மின் இணைப்பின் பேரில் சேர்ந்துவிட்ட கட்டண நிலுவையை ஒரே முறையில் செலுத்த இயலாத நுகர்வோர், மின்வழங்கு நிறுவனத்தின் ஒப்புதலுடன் அதைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக் குறிப்பிட்ட காலத்துக்குள் செலுத்தித் தீர்க்கும் ஏற்பாடு ஆகும். இது கட்டணத் தள்ளுபடியோ மானியமோ அன்று. செலுத்த வேண்டிய மொத்தத் தொகை இதனால் குறைவதில்லை. செலுத்தும் காலமே நீள்கிறது. தவணை நடப்பில் இருக்கும்போது மின் இணைப்பு துண்டிக்கப்படாமல் இருப்பதே நுகர்வோருக்குக் கிடைக்கும் முதன்மையான பயன்.

இக்கட்டுரை தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தை மையமாகக் கொண்டது. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிப் பகுதியும் அதிலுள்ள பரளச்சி போன்ற ஊர்களும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

பெயரும் வழக்கும்

தவணை என்னும் சொல் தமிழில் குறித்த கெடு என்ற பொருளிலும், கெடுவுக்குக் கெடு செலுத்தும் பகுதித் தொகை என்ற பொருளிலும் வழங்குகிறது. பேச்சு வழக்கில் மின்கட்டணம் 'கரண்ட் பில்' என்றும், மின்வாரியம் 'ஈ.பி.' என்றும், இணைப்பைத் துண்டித்தல் 'பியூசைப் பிடுங்குதல்' என்றும் சொல்லப்படுகின்றன. செலுத்தப்படாமல் நிற்கும் தொகை அலுவலக வழக்கில் 'நிலுவை' அல்லது 'பாக்கி' எனப்படும்.

தவணையோடு குழப்பிக்கொள்ளப்படும் வேறு இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. முதலாவது கால நீட்டிப்பு. வெள்ளம், புயல், ஊரடங்கு போன்ற காலங்களில் ஒரு பகுதியினர் அனைவருக்கும் கடைசி நாளை அரசு தள்ளிவைப்பது இதுவாகும். இரண்டாவது முன்பணம். கட்டணம் கணக்கிடப்படும் முன்பே நுகர்வோர் ஒரு தொகையைத் தம் இணைப்புக் கணக்கில் செலுத்தி வைத்து, பின்னர் வரும் கட்டணங்களில் அதைக் கழித்துக்கொள்ளலாம். தவணை என்பது ஒருவருடைய தனிப்பட்ட நிலுவைக்கு, அவர் கேட்டதன் பேரில் வழங்கப்படுவது.

பின்னணி: வருமானமும் கட்டணமும்

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் நெடுங்காலமாக இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்பட்டு வந்துள்ளது. மாத ஊதியம் பெறும் குடும்பத்துக்கு இந்த இடைவெளி பெரிய இடர் அன்று. மழையை நம்பிய வேளாண்மையிலும் நாட்கூலியிலும் வாழும் குடும்பங்களுக்கு நிலை வேறு.

பரளச்சி அமைந்துள்ள வட்டாரம் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பும் தை முதல் பங்குனி வரை அறுவடையும் நிகழ்கின்றன. கம்பு, சோளம் ஆகிய தவசங்களும் பருத்தி, மிளகாய், மல்லி ஆகிய பணப்பயிர்களும் இப்பகுதிக்குரியவை. விளைச்சல் விற்கும் சில வாரங்களில்தான் குடும்பத்தின் கையில் மொத்தமாகப் பணம் சேர்கிறது. மற்ற மாதங்களில் ஆடு வளர்ப்பு, சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுதல், கட்டட வேலை, வெளியூர்க் கூலி ஆகியவற்றால் சிறுசிறு தொகைகளே வருகின்றன. அருகிலுள்ள அருப்புக்கோட்டை நகரில் நெசவு முக்கியத் தொழில். அதிலும் கூலி வேலையின் அளவைப் பொறுத்தே அமைகிறது.

வருமானம் ஆண்டுக்கு ஓரிரு முறை பெரிதாகவும் மற்ற நாட்களில் சிறிதாகவும் வர, கட்டணம் ஆண்டுக்கு ஆறு முறை வருகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் மின்விசிறி இரவும் பகலும் ஓடும் காலத்துக்கான கட்டணம், அறுவடைப் பணம் செலவாகி, அடுத்த விதைப்புக்கு விதையும் உரமும் வாங்க வேண்டிய நேரத்தை ஒட்டி வருகிறது. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஆண்டு மின்கட்டணத்துக்குப் போதுமானதாக இருந்தும், குறித்த நாளில் கையில் பணம் இல்லாமல் போகலாம். தவணை பயன்படும் இடம் இதுவே. ஆண்டு முழுவதும் கணக்கிட்டாலும் வருமானம் போதாத குடும்பத்துக்குத் தவணை தீர்வாகாது. அங்குத் தேவைப்படுவது மானியமோ பயன்பாட்டுக் குறைப்போ ஆகும்.

தமிழ்நாட்டின் மின்வழங்கல் அமைப்பு

தமிழ்நாடு மின்சார வாரியம் 1957 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்டது. 2010 நவம்பர் 1 முதல் வாரியம் மறுசீரமைக்கப்பட்டு, உற்பத்தியும் பகிர்மானமும் டான்ஜெட்கோ எனப்பட்ட நிறுவனத்திடமும், உயரழுத்த மின்செலுத்தல் டான்டிரான்ஸ்கோ நிறுவனத்திடமும் ஒப்படைக்கப்பட்டன. 2024 இல் டான்ஜெட்கோ மீண்டும் பிரிக்கப்பட்டு, வீடுகளுக்கு மின்சாரம் வழங்கும் பணி தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திடம் வந்தது. பெயர்கள் மாறினாலும் பொதுமக்கள் வழக்கில் இது இன்றும் மின்வாரியமே. கட்டண வீதங்களை நிறுவுவதும் வழங்கல் விதிகளை வகுப்பதும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் பணி. ஆணையம் வெளியிட்ட தமிழ்நாடு மின்வழங்கல் விதித்தொகுப்பு, தமிழ்நாடு மின்பகிர்மான விதித்தொகுப்பு ஆகிய இரண்டும் 2004 ஆம் ஆண்டைச் சேர்ந்தவை.

நுகர்வோர் அணுகும் அலுவலகங்கள் படிநிலையாக அமைந்துள்ளன. அடியில் இருப்பது பிரிவு அலுவலகம். அதன் பொறுப்பில் உதவிப் பொறியாளர் அல்லது இளநிலைப் பொறியாளர் இருப்பார். அதற்கு மேல் உதவி செயற்பொறியாளரின் உபகோட்டம், செயற்பொறியாளரின் கோட்டம், மேற்பார்வைப் பொறியாளரின் மின் பகிர்மான வட்டம் ஆகியன அமைகின்றன. பரளச்சிப் பகுதி விருதுநகர் மின் பகிர்மான வட்டத்தின் எல்லைக்குள் வருகிறது.

கட்டணம் கணக்கிடும் முறை

கணக்கீட்டாளர் வீட்டுக்கு வந்து மீட்டர் அளவைக் குறித்து, பயன்படுத்திய அலகுகளையும் (யூனிட்) கட்டணத் தொகையையும் பதிவு செய்வார். வீட்டில் வைத்திருக்கும் மின் அட்டையில் இவை எழுதப்படுவது நெடுநாள் வழக்கம். பின்னர்க் குறுஞ்செய்தி, இணையம் வழியாகவும் விவரம் தெரிவிக்கப்படலாயிற்று. கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள் கட்டணம் செலுத்தப்பட வேண்டும் என்பது தமிழ்நாட்டில் கடைப்பிடிக்கப்பட்டு வரும் முறை.

2016 மே 23 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணையின்படி, வீட்டு நுகர்வோர் அனைவருக்கும் இரு மாதத்துக்கு முதல் 100 அலகுகளுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த வீதங்களின்படி, இரு மாதப் பயன்பாடு 500 அலகுகளுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை அலகுக்கு ரூ. 2.25, 201 முதல் 400 வரை ரூ. 4.50, 401 முதல் 500 வரை ரூ. 6 எனக் கணக்கிடப்பட்டது. பயன்பாடு 500 அலகைத் தாண்டினால் 101 முதல் 400 வரை முழுவதற்கும் ரூ. 4.50, அடுத்த 100 அலகுக்கு ரூ. 6, 501 முதல் 600 வரை ரூ. 8 எனக் கணக்கு மாறும். 2024 ஜூலையில் வீதங்கள் மீண்டும் உயர்த்தப்பட்டன. கணக்கிடும் முறையை விளக்குவதற்காக இக்கட்டுரையில் 2022 வீதங்களே பயன்படுத்தப்படுகின்றன. அவ்வீதங்களின்படி இரு மாதக் கட்டணம் பின்வருமாறு:

300 அலகு: ரூ. 675
400 அலகு: ரூ. 1,125
500 அலகு: ரூ. 1,725
501 அலகு: ரூ. 1,958
600 அலகு: ரூ. 2,750

500 ஆவது அலகுக்கும் 501 ஆவது அலகுக்கும் இடையே ரூ. 233 வேறுபாடு இருப்பது கவனிக்கத்தக்கது. எல்லையைத் தாண்டியவுடன் கீழ்ப்படி அலகுகளுக்கான குறைந்த வீதமும் இழக்கப்படுவதே இதற்குக் காரணம். எனவே ஒரு கோடைக்காலப் பட்டியல் முந்தைய பட்டியலை விடப் பயன்பாட்டு உயர்வின் விகிதத்துக்கு மேலாக உயர்ந்து, குடும்பத்தைத் திணறச் செய்யக்கூடும்.

நிலுவை உருவாகும் வழிகள்

தவணை கோரும் நிலைக்குக் கொண்டுவரும் காரணங்களைப் பொதுவாக நான்கு வகைப்படுத்தலாம்.

1. வருமானத் தடை: விளைச்சல் பொய்த்தல், நோய், வேலையிழப்பு, குடும்பத் தலைவரின் இறப்பு ஆகியவற்றால் ஒன்றோ பலவோ பட்டியல்கள் செலுத்தப்படாமல் நிற்றல்.

2. பயன்பாட்டு உயர்வு: கோடை வெயில், வீட்டில் விசேடம், நோயாளிக்கான கருவிகள், மின்கசிவு ஆகியவற்றால் ஒரு பட்டியல் மட்டும் வழக்கத்துக்கு மேல் உயர்தல்.

3. பின்னாளில் வரும் கோரிக்கை: மீட்டர் பழுதான காலத்துக்கும், முன்பு குறைவாகக் கணக்கிடப்பட்டதாகத் தணிக்கையில் கண்டறியப்பட்ட காலத்துக்கும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டல். மீட்டர் பழுதானால், பயன்பாட்டுச் சூழல் மாறாதிருக்கும் பட்சத்தில், அதற்கு முந்தைய நான்கு மாதங்களின் சராசரியைக் கொண்டு கணக்கிட வேண்டும் என்பது 2004 விதித்தொகுப்பின் ஏற்பாடு.

4. பிழையான பட்டியல்: அளவைத் தவறாகக் குறித்தல், கணக்கெடுக்காமல் விட்டுப் பிறகு பல மாதங்களுக்குச் சேர்த்துக் கணக்கிடுதல், வீட்டு இணைப்பை வேறு வகையில் சேர்த்தல் போன்றவை.

முதல் இரண்டு வகையில் தொகை சரியானது. செலுத்த இயலாமையே சிக்கல். நான்காம் வகையில் தொகையே தவறானது. மூன்றாம் வகையில் இரண்டும் கலந்திருக்கலாம். இந்த வேறுபாடு முக்கியமானது. தொகை தவறு என்று கருதுபவர் அதைத் திருத்தக் கோராமல் தவணை மட்டும் கோரினால், அத்தொகையை ஒப்புக்கொண்டதாகவே அக்கோரிக்கை படிக்கப்படும். ஆகவே திருத்தக் கோரிக்கையே முதலில் வைக்கப்பட வேண்டியது. திருத்தம் முடியும்வரை இணைப்பைக் காக்கவும், திருத்தத்துக்குப் பின் எஞ்சும் தொகைக்காகவும் தவணை கோரலாம்.

பட்டியல் பிழையும் படிவீதமும்

பிழைத் திருத்தம் எவ்வளவு தொகையை மாற்றக்கூடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வீட்டில் இரு மாதத்துக்கு 300 அலகு வீதம் நான்கு மாதங்களில் 600 அலகு பயன்படுத்தப்பட்டது எனக் கொள்க. உரிய காலத்தில் இரு முறை கணக்கெடுத்திருந்தால் கட்டணம் 675 + 675 = ரூ. 1,350. இடையில் கணக்கெடுக்காமல் விட்டு, 600 அலகையும் ஒரே காலக்கூறாகக் கொண்டால் ரூ. 2,750. அதே மின்சாரத்துக்கு ரூ. 1,400 கூடுதல். இத்தகைய பட்டியலுக்கு நான்கு தவணை பெறுவதைவிட, அதை இரண்டு காலக்கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடச் செய்வதே பெரும் பயன் தரும்.

2020 ஆம் ஆண்டுக் கொரோனா ஊரடங்கின்போது இச்சிக்கல் மாநிலம் முழுவதும் எழுந்தது. கணக்கீட்டாளர்கள் வீடுகளுக்குச் செல்ல முடியாததால், முந்தைய பட்டியல் தொகையையே செலுத்துமாறு நுகர்வோர் கேட்டுக்கொள்ளப்பட்டனர். பின்னர் கணக்கெடுத்தபோது நான்கு மாதப் பயன்பாடு இரண்டு காலக்கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஏற்கெனவே செலுத்திய தொகை கழிக்கப்பட்டது. மக்கள் வீட்டிலேயே இருந்த கோடைக்காலமாதலால் பயன்பாடும் உயர்ந்திருந்தது. முன்பு செலுத்திய கட்டணத்தை ரூபாயாகக் கழிப்பதா, அதற்குரிய அலகுகளாகக் கழிப்பதா என்பது விவாதமாயிற்று. வாரியத்தின் கணக்கிடு முறையை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு தள்ளுபடி செய்தது.

சட்ட நிலை

இந்தியாவின் மின்சாரச் சட்டம், 2003 இல் வீட்டு நுகர்வோருக்குத் தவணையை ஓர் உரிமையாக வழங்கும் தனிப்பிரிவு இல்லை. தவணை வழங்குவது மின்வழங்கு நிறுவனத்தின் உரிய அலுவலருடைய ஒப்புதலைப் பொறுத்தது. எனினும் நுகர்வோருக்குக் கால அவகாசம் தரும் சில பாதுகாப்புகள் அச்சட்டத்தில் உள்ளன.

பிரிவு 56 (1): கட்டணம் செலுத்தாதவரின் இணைப்பைத் துண்டிக்கும் முன் முழுமையான 15 நாட்களுக்குக் குறையாத எழுத்துவழி முன்னறிவிப்பு தரப்பட வேண்டும். தொகையில் கருத்து வேறுபாடு உள்ளவர், கோரப்பட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதங்களில் செலுத்திய சராசரிக் கட்டணத்தின்படி கணக்கிட்ட தொகையையோ, இவற்றுள் எது குறைவோ அதனைத் தம் மறுப்பைத் தெரிவித்தபடியே செலுத்தினால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.

பிரிவு 56 (2): ஒரு தொகை முதன்முதலில் செலுத்தத்தக்கதான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கடந்தபின், அது தொடர்ந்து நிலுவையாகக் காட்டப்பட்டு வந்திருந்தாலன்றி, அதனை வசூலிக்கவோ அதற்காக இணைப்பைத் துண்டிக்கவோ இயலாது.

இந்த இரண்டாம் உட்பிரிவை உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 18 அன்று அஜ்மீர் மின்வழங்கு நிறுவன வழக்கில் விளக்கியது. அவ்வழக்கில் 2009 முதல் 2011 வரையிலான காலத்துக்குத் தவறான கட்டண வகையில் பட்டியல் இடப்பட்டு, 2014 இல் கூடுதல் தொகை கேட்கப்பட்டிருந்தது. பட்டியல் வழங்கப்பட்ட பின்னரே தொகை செலுத்தத்தக்கதாகிறது என்றும், உண்மையான தவறு கண்டறியப்பட்டால் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் கூடுதல் தொகையைக் கோரலாம் என்றும், ஆனால் அதற்காக மின் துண்டிப்பைக் கருவியாகப் பயன்படுத்த இயலாது என்றும் நீதிமன்றம் கூறியது. பழைய தணிக்கைக் குறைவுத் தொகை திடீரெனக் கேட்கப்படும் குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு பொருளுடையது.

வீடு வாங்குவோர் கருத வேண்டிய தீர்ப்பு ஒன்று 2023 மே 19 அன்று கேரள மின்வாரியம் தொடர்பான வழக்கில் வழங்கப்பட்டது. விதிகள் இடம் தருமானால், முந்தைய உரிமையாளரின் நிலுவையைப் புதிய உரிமையாளரிடமிருந்து கோர முடியும் என்று உச்ச நீதிமன்றம் அதில் கூறியது.

வீட்டு இணைப்பை அனுமதியின்றி வேறு பயன்பாட்டுக்குக் கொண்டதாகக் கருதப்படும் நேர்வுகள் பிரிவு 126 இன் கீழ் வருகின்றன. அவற்றில் உரிய வீதத்தின் இரு மடங்காகக் கட்டணம் மதிப்பிடப்படும். இறுதி மதிப்பீட்டை எதிர்த்து 30 நாட்களுக்குள் பிரிவு 127 இன்படி மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மதிப்பிட்ட தொகையில் பாதியைச் செலுத்த வேண்டும். இந்நேர்வுகள் சாதாரணக் கட்டண நிலுவையிலிருந்து வேறானவை.

தவணை கோரும் முறை

தவணைக்கான விண்ணப்பம் எழுத்து வடிவில், இணைப்பு அமைந்துள்ள பிரிவு அலுவலகம் வழியாக அளிக்கப்படுவது இயல்பு. தொகையின் அளவையும் நிலுவையின் தன்மையையும் பொறுத்து உபகோட்ட, கோட்ட அலுவலர்களின் ஒப்புதல் தேவைப்படலாம். கட்டண மையத்தில் பணம் பெறுபவருக்குத் தவணை வழங்கும் அதிகாரம் இல்லை. ஆகவே அங்கே பாதித் தொகையுடன் சென்று கேட்பது பொதுவாகப் பயன் தராது.

விண்ணப்பத்தில் பின்வருவன இடம்பெறுதல் நலம்:

மின் இணைப்பு எண், இணைப்பு யார் பெயரில் உள்ளது என்ற விவரம், முகவரி
நிலுவைத் தொகையும் அது எந்தெந்தக் காலத்துக்குரியது என்பதும்
ஒரே முறையில் செலுத்த இயலாமைக்கான காரணம், இயன்றால் அதற்கான சான்று
உடனடியாகச் செலுத்தக்கூடிய தொகை
எஞ்சிய தொகைக்குக் கோரும் தவணைகளின் எண்ணிக்கையும் நாட்களும்
தவணைக் காலத்தில் நடப்புக் கட்டணத்தைத் தவறாது செலுத்துவதாக உறுதி

விண்ணப்பத்தின் படியில் பெற்றுக்கொண்டமைக்கான ஒப்பமும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்வது பின்னாளில் சான்றாகும். வாய்மொழியாகக் கிடைக்கும் அவகாசம் பதிவில் இடம்பெறாது. துண்டிப்புப் பட்டியலுடன் வரும் பணியாளருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அனுமதி எழுத்தில் கிடைத்த பின், ஒவ்வொரு தவணைக்கும் உரிய பற்றுச்சீட்டைத் தனியே வைத்திருக்க வேண்டும்.

வாடகை வீட்டில் இணைப்பு பெரும்பாலும் வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும். அந்நிலையில் குடியிருப்பவர் உரிமையாளரின் ஒப்புதலுடன் விண்ணப்பிப்பது சிக்கலைக் குறைக்கும். குடும்பத் தலைவர் இறந்த வீடுகளில் இணைப்பு அவர் பெயரிலேயே நீடிப்பதுண்டு. பெயர் மாற்றத்தையும் உடன் கோரலாம்.

விண்ணப்பிக்கும் நேரம் முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. கடைசி நாளுக்கு முன் கேட்பவர் வெறும் கால அவகாசம் கேட்கிறார். துண்டிப்புக்குப் பின் கேட்பவர் நிலுவையோடு மறு இணைப்புக் கட்டணத்தையும் ஏற்க வேண்டியவராகிறார். நிலுவை நீடித்தால் இணைப்பு ஒப்பந்தமே முடிவுக்கு வந்து, வைப்புத்தொகை நிலுவையில் கழிக்கப்படும். அதன்பின் மின்சாரம் பெறுவதற்குப் புதிய இணைப்புக்கான செலவும் அலைச்சலும் சேரும். தமிழ்நாடு மின்சார வாரிய நிலுவை வசூல் சட்டம் 1978 ஆம் ஆண்டு முதல் உள்ளது.

தவணைக் கணக்கு

தவணைத் திட்டங்கள் முறிவதற்கு ஒரு முக்கியக் காரணம், நிலுவையை மட்டும் வகுத்துப் பார்த்து நடப்புக் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. ஒரு குடும்பத்துக்கு ரூ. 8,000 நிலுவையும், இரு மாதத்துக்கு 400 அலகுப் பயன்பாடும் உள்ளதாகக் கொள்வோம். நான்கு தவணைகள் என்றால் தவணை ரூ. 2,000. ஆனால் ஒவ்வொரு முறையும் ரூ. 1,125 நடப்புக் கட்டணமும் சேர்ந்து ரூ. 3,125 தேவைப்படும். எட்டு மாதங்களில் மொத்தம் ரூ. 12,500.

இதே நிலுவையை மாதம் ரூ. 1,000 வீதம் எட்டுத் தவணைகளாகப் பிரித்தால், பட்டியல் வராத மாதத்தில் ரூ. 1,000, பட்டியல் வரும் மாதத்தில் ரூ. 2,125 போதும். காலமும் மொத்தமும் அதேதான்; ஒரே நாளில் தேவைப்படும் உச்சத் தொகை ஆயிரம் ரூபாய் குறைகிறது. நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு இரண்டாம் முறை ஏற்றது. மாறாக, அறுவடையை எதிர்நோக்கும் குடும்பத்துக்கு முதலில் சிறு தவணைகளும் மாசி, பங்குனியில் ஒரு பெரிய தவணையும் அமைவது பொருத்தமாகும். எண்ணிக்கையைவிட நாட்களின் பொருத்தமே தவணையின் வெற்றிக்கு அடிப்படை.

தவணைக் காலத்தில் பயன்பாடு 600 அலகாக உயர்ந்தால் நடப்புக் கட்டணம் ரூ. 2,750 ஆகி, நான்கு தவணைத் திட்டத்தில் செலுத்த வேண்டியது ரூ. 4,750 ஆகும். அதே காலத்தில் பயன்பாட்டை 500 அலகுக்குள் நிறுத்தினால் ரூ. 3,725 போதும். இந்த ரூ. 1,025 வேறுபாடு அரைத் தவணைக்குச் சமம்.

தவணை அனுமதி கிடைக்காதபோதும், அதைக் கேட்கலாம் என்று தெரியாதபோதும் மக்கள் நாடுவது தண்டல் கடன், நகை அடகு, மளிகைக் கடையில் கைமாற்று ஆகியவற்றை. தண்டல் வழக்கப்படி ரூ. 10,000 கடன் என எழுதி ரூ. 8,500 மட்டும் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு ரூ. 100 வீதம் நூறு நாட்களில் திரும்பப் பெறுவதாகக் கொண்டால், மூன்றரை மாதத்துக்கும் குறைவான காலத்தில் ரூ. 1,500 கூடுதலாகச் செல்கிறது. மின்நிலுவையைத் தீர்க்க இவ்வாறு வாங்கும் கடன், நிலுவையைத் தீர்க்காமல் இடம் மாற்றுவதாகவே அமைகிறது.

குறைதீர்ப்பு அமைப்புகள்

மின்சாரச் சட்டம், 2003 இன் பிரிவு 42 இன்படி ஒவ்வொரு மின்வழங்கு நிறுவனமும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் அமைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இம்மன்றங்கள் மின் பகிர்மான வட்ட அளவில் இயங்கி வந்துள்ளன. மன்றத்தின் முடிவில் நிறைவடையாதவர் ஒழுங்குமுறை ஆணையத்தால் நியமிக்கப்படும் மின்குறை தீர்ப்பாளரிடம் முறையிடலாம். இவ்விரு இடங்களிலும் முறையிட வழக்கறிஞர் கட்டாயம் அன்று.

கட்டணப் பிழை பற்றிய முறையீட்டைக் கடைசி நாளுக்கு மூன்று நாட்களுக்கு முன்பே அளித்தால், கடைசி நாளுக்குள் தீர்வு காண வேண்டும் என்பது 2004 மின்வழங்கல் விதித்தொகுப்பின் ஏற்பாடு. கடைசி மூன்று நாட்களில் அளிக்கப்படும் முறையீடு அடுத்த பட்டியலுக்கு முன் தீர்க்கப்பட வேண்டும். தவறு என்று சொல்லி நுகர்வோர் தாமாகவே ஒரு பகுதியை நிறுத்தி வைக்கக் கூடாது என்றும் அவ்விதி கூறுகிறது. கூடுதலாக வசூலித்திருந்தால், வைப்புத்தொகைக்குரிய வட்டியுடன் அது திருப்பித் தரப்பட வேண்டும்.

சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987 இல் 2002 ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கான நிரந்தர மக்கள் நீதிமன்றங்களுக்கு வழி செய்தது. மின்சாரம், விளக்கு, குடிநீர் வழங்கல் ஆகியவை இச்சேவைகளில் அடங்கும். இங்குச் சமரசத்துக்கே முதலிடம் என்பதால், தவணை உடன்பாட்டுக்கு இம்மன்றம் பொருத்தமானது.

பிற இடங்களில்

2020 ஊரடங்கின்போது கேரள அரசு, உயர்ந்துவிட்ட வீட்டு மின்கட்டணத்தை ஐந்து தவணைகளில் செலுத்த இடமளித்தது. மராட்டிய மாநில மின்பகிர்மான நிறுவனம் மூன்று தவணைகளுக்கு இடமளித்ததுடன், முழுத் தொகையையும் ஒரே முறையில் செலுத்தியவர்களுக்கு 2 விழுக்காடு தள்ளுபடியும் அறிவித்தது. தனித்தனி விண்ணப்பத்தால் பெறப்படும் சலுகை, நெருக்கடிக் காலத்தில் பொது ஏற்பாடாக மாறக்கூடும் என்பதற்கு இவை சான்று.

இலங்கையில் 2022 பொருளாதார நெருக்கடியை அடுத்து, மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 விழுக்காடும் 2023 பிப்ரவரியில் 66 விழுக்காடும் உயர்த்தப்பட்டது. நிலுவையும் துண்டிப்பும் அங்குப் பொதுவான வாழ்வுச் சிக்கலாயின.

சிங்கப்பூரில் மின்சாரம், நீர், எரிவளி ஆகியவற்றின் கட்டணம் ஒரே பட்டியலில் வருகிறது. செலுத்த இயலாத குடும்பங்கள் தவணை கோரலாம். பிரித்தானியாவில் ஆற்றல் நிறுவனங்கள் தவணைத் திட்டம் வகுக்கும்போது வாடிக்கையாளரின் செலுத்தும் திறனைக் கருத வேண்டும் என்பது உரிம நிபந்தனை. இங்கிலாந்திலும் வேல்சிலும் கட்டண நிலுவைக்காக வீட்டுக் குடிநீரைத் துண்டிப்பது 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் பல மாநிலங்களில் கடுங்குளிர்க் காலத்தில் மின், எரிவளித் துண்டிப்புக்குக் கட்டுப்பாடு உண்டு.

முன்கட்டண மீட்டர்

2021 இல் இந்திய அரசு தொடங்கிய பகிர்மானத் துறைச் சீரமைப்புத் திட்டம், முன்கட்டண முறையில் இயங்கும் அறிவார்ந்த மீட்டர்களை (ஸ்மார்ட் மீட்டர்) நாடு முழுவதும் பொருத்துவதை நோக்கமாகக் கொண்டது. முன்பணம் செலுத்தி மின்சாரம் பெறும் முறையில் புதிய நிலுவை சேராது. சிறு தொகைகளாகச் செலுத்தும் வசதியும் உண்டு. கூலி வருமானக் குடும்பங்களுக்கு இது பயன் தரக்கூடும். எனினும் இருப்புத் தொகை தீர்ந்தவுடன் மின்சாரம் நிற்குமானால், 15 நாள் முன்னறிவிப்பும் தவணை கோரும் அவகாசமும் பொருளிழந்துவிடும் என்ற கவலை உண்டு. பிரித்தானியாவில் நிலுவையுள்ள வீடுகளில் வற்புறுத்தி முன்கட்டண மீட்டர் பொருத்துவது கண்டனத்துக்கு உள்ளாகி, 2023 பிப்ரவரியில் ஒழுங்குமுறை அமைப்பின் தலையீட்டால் நிறுத்தி வைக்கப்பட்டது.

நிறைகுறைகள்

தவணையால் இரு தரப்புக்கும் பயன் உண்டு. துண்டித்த இணைப்பிலிருந்து நிறுவனத்துக்கு வருவாய் இல்லை. பழைய நிலுவையும் பெரும்பாலும் வசூலாகாமல் நின்றுவிடும். தவணை வழங்கினால் நிலுவையும் நடப்புக் கட்டணமும் சேர்ந்து வருகின்றன. குடும்பத்துக்கு விளக்கும் விசிறியும் கைப்பேசி மின்னேற்றமும் பிள்ளைகளின் படிப்பும் தடைப்படாமல் இருக்கின்றன.

தவணை அலுவலரின் விருப்புரிமையைச் சார்ந்திருப்பது ஒரு குறையாகச் சொல்லப்படுகிறது. ஒரே சூழலில் உள்ள இருவருக்கு வெவ்வேறு முடிவு கிடைக்கக்கூடும். விண்ணப்பிக்கத் தெரிந்தவர் பயன்பெற, தெரியாதவர் தண்டலுக்குச் செல்கிறார். இரு மாதக் கணக்கீடே உச்சத் தொகையைப் பெரிதாக்குகிறது என்ற கருத்தும் நெடுநாளாக உள்ளது. மாதந்தோறும் கணக்கெடுக்கும் முறையைக் கொண்டுவருவதாகத் திராவிட முன்னேற்றக் கழகம் 2021 சட்டமன்றத் தேர்தலில் வாக்குறுதி அளித்திருந்தது.

அறுவடைக் காலத்தில் கையில் பணம் இருக்கும்போதே ஒரு தொகையை முன்பணமாக இணைப்புக் கணக்கில் செலுத்தி வைப்பது, மானாவாரிப் பகுதிக் குடும்பங்களுக்கு ஏற்ற மாற்று வழியாகும். மாசியில் ரூ. 3,000 செலுத்தி வைக்கும் வீடு, மேற்கண்ட வீதப்படி 400 அலகுப் பட்டியல் இரண்டையும் மூன்றாவதன் பெரும்பகுதியையும் முன்னரே தீர்த்துவிடுகிறது. விளைச்சல் கைகொடுக்கும் ஆண்டில் முன்பணமும், பொய்க்கும் ஆண்டில் தவணையும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன.